விதியல்ல, குழாய்!
ஒரே கருவில் உருவாகும் இரட்டையரிலே பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி ஒன்றே. அதன் இரத்தக் குழாய்கள் இருவரையும் இணைக்கின்றன. இத்தகைய கருப்பங்களில் 100-க்கு 10 முதல் 15-இல் பங்கீடு பாழாகிறது! கொடுத்த சேய் வாடுகிறது. கொண்ட சேயோ அளவுமீறிப் பெற்று இருதயம் தளர்கிறது. விதி என்பர் சிலர். விதியல்ல தோழர்களே, குழாய்! 2004-இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலே, லேசரால் அக்குழாய்களை அடைத்தபோது, 100-க்கு 76 தாய்மாருக்கு ஒரு குழந்தையேனும் பிழைத்தது. பனிக்குட நீரை மட்டும் வடித்தபோது 56 பேருக்கே. வழி இருக்கிறது, காலத்தில் கண்டால்தானே பயன்? 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என ஸ்கேனில் அறியவேண்டும். ஒன்றெனில், 16-ஆம் வாரம் முதல் இரு வாரத்துக்கொருமுறை பார்க்கவேண்டும். ஒருநாள் கூலி போகுமே என்று அஞ்சும் தாய்க்கும் அது தவறாமல் கிடைக்கவேண்டாமா? கேட்போம், உரக்கக் கேட்போம்!