தேன் அத்தர் என்று ஒரு பொய்

போன வாரம் டவுன்ல ஒரு வாசனைக் கடைக்குப் போயிருந்தேன். (கடை பேரெல்லாம் வேண்டாம், விடுங்க.) மல்லி, ரோஜா, சந்தனத்துக்கு நடுவுல புதுசா ஒரு குப்பி: "தேன் அத்தர், 100% இயற்கை". 8 மில்லி, 150 ரூபாய்.

"அண்ணாச்சி, இது எப்படி எடுக்காங்க?"

"சுத்தமான மலைத்தேனைக் காய்ச்சி வடிக்காங்க தம்பி. ஆல்கஹால் ஒரு சொட்டு சேராது."

புறங்கையில தடவினேன். சும்மா சொல்லக்கூடாது, வாசனை தூக்கலாத்தான் இருந்தது. பேட்டைக்கு வந்து, சாப்பிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவின பிறகும் போகலை. எனக்குச் சந்தேகம் வந்ததே அங்கதான்.

ஏன்னா தேனைக் காய்ச்சி வடிக்கிற கூத்தை நானே பண்ணிப் பார்த்திருக்கேன். அரைக் கிலோ தேன்ல தண்ணி கலந்து, குக்கர் மூடியில குழாய் மாட்டி, வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டே வடிச்சேன். வந்தது என்ன தெரியுமா? அடிப்பிடிச்ச வெல்லப்பாகு வாசனையில கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதான் :-(

காரணம் ரொம்ப சிம்பிள். தேன்ல பெரும்பங்கு சர்க்கரை, மிச்சத்துல பெரும்பாலும் தண்ணி. மணம் தர்ற பொருட்கள் அதுல துளியூண்டுதான் இருக்கு. சூடு பட்டா அதுல பாதி பறந்துடும், மீதியைச் சர்க்கரை கருகுற வாடை அமுக்கிடும்.

அப்போ தேன் வாசனையை எடுக்கவே முடியாதா? முடியும். ஆனா தேன்ல இருந்து இல்லை, மெழுகுல இருந்து. தேனும் மகரந்தமும் தேனீப் பிசினும் வருஷக்கணக்கா ஊறிக் கறுத்துப்போன பழைய அடை இருக்கு பாருங்க, அதுலதான் மணம் தங்கியிருக்கும். வெளுத்து வெள்ளையாக்கின மெழுகுல ஒண்ணும் மிஞ்சாது. வாசனைத் தொழிலுக்குப் பேர்போன பிரான்சின் கிராஸ் ஊர்க்காரங்க முறை இதுதான்: மெழுகை ஆல்கஹால்ல ஊறவைத்து, குளிரவைத்து, உறையும் மெழுகை வடிகட்டிவிட்டு, கடைசியில் ஆல்கஹாலை ஆவியாக்குவது. அடியில் தங்குவதுதான் சாரம். நூறு கிராம் மெழுகுக்கு ஒரு கிராம் கூடத் தேறாது. அதன் வாசனையும் கூப்பாடு போடாது. காய்ந்த வைக்கோல், கொஞ்சம் புகையிலை, அடியில் லேசாகத் தேன்.

இப்போ கணக்குப் போடுங்க. அந்தக் குப்பியில இருக்கறது நிஜமான மெழுகுச் சாரம்னா, அதை எடுக்க அநேகமா ஆல்கஹால் பயன்பட்டிருக்கும். கரியமில வாயுவை அழுத்தி எடுக்கிற முறையும் உண்டு, ஆனா அந்த இயந்திரத்தோட விலைக்கும் 150 ரூபாய் குப்பிக்கும் ஒட்டவே ஒட்டாது. அப்படி இல்லைன்னா, அது பீனைல் அசிட்டிக் அமிலக் குடும்பத்துச் செயற்கைச் சரக்கு. நீர்த்த நிலையில அச்சு அசல் தேன் மாதிரி மணக்கும். எப்படிப் பார்த்தாலும் அண்ணாச்சி சொன்னது உண்மை இல்லை.

"நல்லா மணக்குதுல்லா, உனக்கென்ன வே?"ன்னு கேப்பீங்க. செயற்கை வாசனை மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. செயற்கைன்னு சொல்லி வில்லுங்க, நானே வாங்குறேன். எங்க பேட்டையில தொழுகைக்குப் போறவங்க பலபேர் ஆல்கஹால் கூடாதுன்னு தேடித்தேடி அத்தர் வாங்குறாங்க. அந்த நம்பிக்கையை வச்சு யாவாரம் பண்ணும்போது எப்படி எடுத்ததுன்னு நேர்மையாச் சொல்லணுமா வேண்டாமா?

இன்னொரு நஷ்டம் தேன் எடுக்கறவங்களுக்கு. பாபநாசம் மலையில காணிகள் தேன் எடுக்காங்க, மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டி வச்சிருக்காங்க. தேனுக்கு ஏற்கெனவே சர்க்கரைப் பாகு போட்டி. 2020 டிசம்பர்ல டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதிச்சப்போ, 10 பிராண்டு என்.எம்.ஆர். சோதனையில தேறலை. மெழுகையாவது காசாக்கலாம்னு பார்த்தா, அங்கேயும் பாரஃபின் கலப்படம், செயற்கை வாசனை. பொய்க்குப்பி 150 ரூபாய்க்குக் கிடைக்கும்போது நிஜ மெழுகை எவன் தேடுவான்?

இத்தனைக்கும் வழி நம்ம பக்கத்துலயே இருக்கு. கோத்தகிரியில இயங்குற, 1993-ல் தொடங்கின கீஸ்டோன் அமைப்பு, பழங்குடிகளோட தேனையும் மெழுகையும் சேர்த்தே சந்தைக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கு. ஆல்கஹாலே வேண்டாமா? ஒரு பங்கு வெளுக்காத மெழுகு, மூணு பங்கு வாசனை குறைஞ்ச எண்ணெய். கொதிதண்ணிப் பாத்திரத்துக்கு உள்ளே இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க (மெழுகு 62-64 டிகிரியில உருகிடும், நேரா அடுப்புல வைக்காதீங்க). இறக்கி, சூடு தணிஞ்சு இறுகறதுக்குள்ள நாலு சொட்டு சந்தன எண்ணெய். ஆறினா டப்பாவில தொட்டுத் தடவுற பதம். வாசனை கொஞ்சம் மெதுவாத்தான் வரும். வரட்டுமே!

அடுத்த தடவை யாராவது தேன் அத்தர்னு நீட்டினா மூணு கேள்வி கேளுங்க. தேனா, மெழுகா? எதுல ஊறவச்சு எடுத்தீங்க? மெழுகு எந்த ஊரு? மூணுக்கும் பதில் வந்தா வாங்குங்க.

பி.கு: அந்தக் குப்பியை நான் வாங்கலை. அண்ணாச்சிக்கு என் மேல வருத்தம்.