விட்டத்தில் இல்லை விடை

இடுப்பில் மறைத்துச் செல்லும் சிறு கைத்துப்பாக்கிக்கு 9 மி.மீ. குண்டு போதுமா, 0.45 அங்குலக் குண்டே வேண்டுமா என அமெரிக்காவில் ஓயாத வழக்கு. 1986இல் மயாமி மோதலில் இரு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மாண்டபோது பழி 9 மி.மீ. மீதே விழுந்தது. 10 மி.மீ., பின்பு 0.40 என அலைந்த அதே அமைப்பின் பயிற்சிப் பிரிவு, 2014இல் 9 மி.மீ.க்கே சான்றளித்தது: இன்றைய குண்டுகளிடையே வேறுபாடு சொற்பம், பின்னுதைப்பு குறைந்தால் குறி தப்பாது. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க உதைப்போ கூடும். எனில் பெருங்குண்டு வழிபாடு வீண்பெருமையன்றி வேறென்ன?

இன்னொன்றும் கேட்போம். அந்நாட்டில் துப்பாக்கியால் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். எதிரியை வீழ்த்தும் விட்டத்தை அளப்பவர்கள், தன்னை நோக்கித் திரும்பும் கையைப் பற்றி ஏன் பேசுவதில்லை?