பாண்டியருக்குக் கண்மாய் வேணும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'வை ஆடியிருப்பீங்க. திராவிடர்களுக்கு உருமி வீரர் உண்டு, திரிசடை கப்பல் உண்டு. நைட் குதிரைப்படை மட்டும் கிடையாது. புலம்பாதீங்க, காரணம் இருக்கு. பாண்டியர் குதிரைகளைக் கடல் வழியா வாங்கினதை 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கார்.

அதனால மாட் செய்யுறவங்க நைட்டைச் சும்மா சேர்க்காதீங்க. துறைமுகத்தில் தங்கம் கொடுத்து வாங்க வைங்க. துறைமுகம் போனா குதிரையும் போச்சு.

அதைவிட முக்கியம் கண்மாய். மதுரையைச் சுத்தி, ஒரு கண்மாய் நிரம்பினா கலுங்கு வழியா மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். கேம்ல 60 மரம் இருந்தா எங்கேயும் வயல் போடலாம், தண்ணியே தேவையில்லை! மாட்-ல வயல் கண்மாய்க்குக் கீழதான் விளையணும். ஆள் விட்டுத் தூர் வாரலைன்னா விளைச்சல் குறையணும். எதிரி மேல் கரையை உடைச்சா, கீழ இருக்கிறதும் வரிசையா உடையணும்.

ஆட்டம் மெதுவாகும்னு சொல்வீங்க. ஆகட்டுமே. கேம்ல கண்மாய்க்காகச் சண்டை போட்டவங்க, நிஜக் கண்மாயில் பிளாட் போடும்போது ஒரு நிமிஷமாவது நின்னு கேள்வி கேட்பாங்க.