டார்ச் லைட்டுக்கு எதற்கு நம் இருப்பிடம்?



ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த கோடிக்கணக்கானோர் ஒரு காலத்தில் விரும்பி இறக்கிக்கொண்ட டார்ச் லைட் செயலி ஒன்று உண்டு. கேமராவின் ஃபிளாஷை எரியவைப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆனால், போன் இருக்கும் இடத்தையும் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணையும் அது விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2013 டிசம்பரில் குற்றம்சாட்டியது. நிபந்தனைகளை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று திரையில் கேள்வி வரும். நீங்கள் பதில் சொல்வதற்குள்ளேயே தகவல் போகத் தொடங்கியிருக்கும்! அந்தக் குற்றச்சாட்டில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

போன் இப்படியென்றால், கணினியில் மட்டும் திருட்டு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் கணினி போனைவிட மோசம். அதில் நாம் நிறுவும் மென்பொருள் பெரும்பாலும் நம் கோப்புகளையெல்லாம் கேட்காமலே படித்துவிட முடியும். போனில் ஒவ்வொரு செயலியையும் தனித்தனியாக அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றின் தகவலை இன்னொன்று எளிதில் தொட முடியாது. இது நல்ல பாதுகாப்பு, மறுக்கவில்லை.

ஆனால் கணினியில் கடைசி வார்த்தை உரிமையாளருடையது. விண்டோஸ் பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது சிலருக்கு நினைவிருக்கும். எந்த மென்பொருள் இணையத்துக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று ஃபயர்வால் வைத்து நாமே தீர்மானிக்கலாம். போனில் இந்த அதிகாரம் பெரும்பாலும் நம்மிடம் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் நாமாக இருந்தாலும், எதை நீக்கலாம், எதை நீக்க முடியாது என்பதை முடிவுசெய்வது கூகுளும் ஆப்பிளும் போன் தயாரிப்பாளர்களும்தான்.

2015-இல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை, ஒரு செயலி கேட்கும் அனுமதிகள் அனைத்தையும் மொத்தமாகக் கொடுத்தால்தான் அதை நிறுவவே முடிந்தது. இப்போது கேமராவுக்கு, மைக்குக்கு, கான்டாக்ட்ஸுக்கு என்று தனித்தனியாகக் கேட்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் ஆண்ட்ராய்டில் இணையத்தைப் பயன்படுத்தும் அனுமதியைச் செயலிகள் நம்மிடம் கேட்பதே இல்லை. நிறுவும்போதே அது கிடைத்துவிடுகிறது. எடுப்பதற்குக் கேட்பார்கள், எடுத்ததை வெளியே அனுப்புவதற்குக் கேட்க மாட்டார்கள்.

இதன் விலை என்ன என்பதைக் கடன் செயலிகள் நமக்குக் காட்டின. அவற்றை நடத்தியவர்கள், அவசரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்கியவரின் கான்டாக்ட்ஸ் முழுவதையும் உருவிக்கொண்டு, அவருடைய மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கடன் செயலிகள் கான்டாக்ட்ஸ், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி வகுத்தது. ஆனால் ரிசர்வ் வங்கியின் கண்ணுக்கு எட்டாத செயலிகள் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் போனின் கான்டாக்ட்ஸில் இருப்பவை நம் எண்கள் அல்ல. நம்மை நம்பி மற்றவர்கள் தந்தவை. நாம் ‘அலவ்’ என்று அழுத்தும்போது அவர்களையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறோம்.

எதிர்த்துக் கேட்டால் பலன் உண்டு. அரசின் தொலைத்தொடர்புப் பாதுகாப்புச் செயலியான சஞ்சார் சாத்தியைப் புதிய போன்கள் அனைத்திலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற உத்தரவை, கடும் எதிர்ப்புக்குப் பிறகு மத்திய அரசு 2025 டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றது. அது நல்ல நோக்கத்துக்கான செயலியாகவே இருக்கட்டும். வேண்டுமா, வேண்டாமா என்பதைப் போனின் சொந்தக்காரர் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேண்டுகோள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், எந்தெந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். லொகேஷன் தேவைப்படும் செயலிகளுக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஐபோனில் டிராக்கிங்கை அணைத்துவிடலாம். செய்தி படிக்கவும் பொருள் வாங்கவும் பிரவுசரே போதும். கடைக்கொரு செயலி தேவையில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களின் போனையும், அவர்களிடம் கேட்டு, அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே சரிசெய்து கொடுங்கள். யாராவது கடன் செயலியின் மிரட்டலில் சிக்கியிருந்தால், தனியாகத் தவிக்க விடாதீர்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930.

அன்புடன்,
ஆசிரியர்