கடையில் கட்டுகிறோம், கணக்கில் இல்லை

சென்ற மாதம் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாக்குவாதம் எழுந்தது. கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் நமது இளைஞர் ஒருவர் சொன்னார்: "வருமான வரியை அடியோடு எடுத்துவிட வேண்டும். அத்தனை வரியையும் கடையிலேயே வசூலித்துவிட்டால் எவனும் ஏமாற்ற முடியாது. செலவு செய்கிறவன் கட்டட்டும்." பக்கத்தில் இருந்தவர் ஒப்பவில்லை. "வருமான வரி இருக்கட்டும் தம்பி. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு. பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய். மில் முதலாளிக்கும் அதே, மூட்டை தூக்குகிறவனுக்கும் அதே."

மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தாராவியில் தோல் பட்டறையில் முப்பது வருடம் உழைத்தவர். "இதெல்லாம் வரி கட்டுறவங்க பேச்சு. நமக்கு என்னத்துக்கு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தச் சொல்தான் நம்மை இதை எழுத வைத்தது. அவரைக் குறை சொல்லவில்லை. இந்த நகரத்தில் கால் வைத்த நாள் முதல் அவர் காதில் ஓதப்பட்டது அது. வரி செலுத்துவோர் என்றால் மாதச் சம்பளக்காரர், கம்பெனிக்காரர். குடிசைப் பகுதிக்குக் குழாய் கேட்டால், கக்கூஸ் கேட்டால், "யார் வீட்டு வரிப்பணம்?" என்று கேட்கிறார்கள். நம் வீட்டு வரிப்பணமும்தான் ஐயா!

ஊருக்குப் பேசக் கைபேசியில் 299 ரூபாய் போடுகிறோம். அதில் வரி மட்டும் 45 ரூபாய் 61 காசு. 18 சதவீதம். அந்த வரி தாராவிக்கும் மலபார் ஹில்லுக்கும் ஒன்றுதான். சோப்புக்கும் பற்பசைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 2017 ஜூலை 1 முதல் 2025 செப்டம்பர் 21 வரை, எட்டு வருடத்துக்கு மேல், 18 சதவீதம் வாங்கினார்கள். இப்போது 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எட்டு வருடமும் தங்கத்துக்கு வரி 3 சதவீதம். பட்டை தீட்டிய வைரத்துக்கு 2022 முதல் ஒன்றரை சதவீதம். கூட்டினால் கள்ளக்கடத்தல் பெருகும் என்று காரணம் சொல்வார்கள். சோப்பைக் கடத்த ஆளில்லை என்பதால் சோப்புக்கு 18!

உள்ளதையும் சொல்லவேண்டும். சில்லறையாக அளந்து வாங்கும் அரிசிக்கும், காய்கறி, பால், உப்புக்கும் இந்த வரி இல்லை. குடியிருக்கும் வீட்டு வாடகைக்கு இல்லை. ஊருக்குப் போகும் நாகர்கோவில் வண்டியில் படுக்கை வகுப்புச் சீட்டுக்கு இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் 5 சதவீதம். ஆனால் அதே அரிசியைப் பையில் அடைத்துச் சீட்டு ஒட்டி விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் உண்டு. வரி இல்லாத தக்காளியும் டீசல் ஊற்றிய லாரியில்தான் வருகிறது. அந்த டீசலில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் விற்பனை வரியும் இருக்கின்றன. 2024-25ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் வசூலான சரக்கு சேவை வரி 22 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரியவரின் 45 ரூபாயும் இருக்கிறது.

இனி அந்த இரண்டு யோசனைகளுக்கு வருவோம். இரண்டும் நம் தேநீர்க் கடையில் பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹால், ரபுஷ்கா என்ற இருவர் 1981இல் ஒரே விகித வருமான வரித் திட்டத்தை எழுதினார்கள். 19 சதவீதம் என்றார்கள். வருமான வரியையே ஒழித்து நாடு முழுவதும் ஒரே விற்பனை வரி போடும் மசோதா 1999இல் அந்த நாட்டுக் காங்கிரசில் முதலில் வந்தது. இன்று வரை நிறைவேறவில்லை. நம் நாட்டிலும் வருமான வரியை ஒழிக்க வேண்டும் என்று சுப்பிரமணியன் சுவாமி பல முறை பேசியிருக்கிறார்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 25,000 சம்பாதிக்கும் நம் குடும்பம் ஒன்று. மாதம் 5 இலட்சம் சம்பாதிக்கும் பெரிய குடும்பம் ஒன்று. ஒரே விகிதமாக 10 சதவீத வருமான வரி என்றால் நமக்கு 2,500, அவருக்கு 50,000. நமக்குப் போகும் 2,500 பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. அவருக்குப் போகும் 50,000 வங்கியில் கிடக்கும் பணம். சமம் என்று சொல்லலாம், நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதில் ஒரு வழி உண்டு. முதல் 25,000க்கு வரி கிடையாது என்று ஒரு வரம்பு வைத்தால் நமக்கு ஒன்றும் இல்லை, அவருக்கு 47,500. ஹாலும் ரபுஷ்காவும்கூட அப்படி ஒரு வரம்பு வைத்துத்தான் எழுதினார்கள்.

இப்போது வருமான வரியை எடுத்துவிட்டு, செலவின் மேல் 10 சதவீதம் போடுங்கள். நம் குடும்பம் 25,000ஐயும் செலவழிக்கிறது, செலவழிக்காமல் முடியாது. வரி 2,500. பெரிய குடும்பம் எத்தனை ஆடம்பரமாக வாழ்ந்தாலும் 2 இலட்சம் செலவழிக்கும், வரி 20,000. நமக்கு வருமானத்தில் பத்தில் ஒன்று, அவருக்கு இருபத்தைந்தில் ஒன்று! விகிதம் ஒன்றுதான், சுமை மட்டும் தலைகீழ். மீதி 3 இலட்சத்துக்கு அவர் பங்கு வாங்குவார், நிலம் வாங்குவார். இன்றைய சரக்கு சேவை வரி பங்கையும் தொடாது, நிலத்தையும் தொடாது.

"கறுப்புப் பணக்காரன் வருமான வரியை ஏய்க்கலாம், கடையில் ஏய்க்க முடியாதே" என்ற இளைஞரின் வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. கார் வாங்கினால் கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்பதை நாம் பார்க்காததா? இன்னொன்று, அந்த அமெரிக்க மசோதாவில் வரி 23 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. உண்மையில் 100 ரூபாய்ச் சரக்குக்கு 130 கேட்கிறார்கள்; 130இல் 30 என்பது 23 சதவீதமாம். வரியை விலைக்குள் ஒளிக்கிறவர்கள் கணக்கையும் இப்படித்தான் ஒளிப்பார்கள்.

அந்த மசோதாக்காரர்களே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள். ஏழைக்கு இந்த வரி தாங்காது என்பதால் மாதாமாதம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கனடாவில் 1991இல் சரக்கு சேவை வரி வந்தபோது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அப்படி உண்மையிலேயே திருப்பித் தந்தார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் திருப்பித் தரப் பெயர்ப் பட்டியல் வேண்டும். ரேஷன் அட்டை ஊரில், வேலை இங்கே, வீடு மாறும்போதெல்லாம் முகவரி வேறு என்று இருக்கும் நாம் எந்தப் பட்டியலில் இருப்போம்? 2020 ஊரடங்கின்போது வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அந்தக் கணக்கு இல்லை என்று மத்திய அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் பதில் சொன்னது. நம் சாவுக்கே கணக்கு இல்லாத இடத்தில் நம் வரியைத் திருப்பித் தருவார்கள் என்று நம்பி இருக்க முடியுமா?

ஒரே விகிதத்துக்கு வாதாடுகிறவர்கள் எளிமை, எளிமை என்கிறார்கள். 5, 10, 20, 30 என்று நாலு விகிதத்தில் பெருக்குவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எது வருமானம், எதற்கு விலக்கு என்பதில்தான் சிக்கல். மாதச் சம்பளத்துக்கு மேல்தட்டில் 30 சதவீதம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கின் இலாபத்துக்கு 2024 ஜூலை முதல் 12.5 சதவீதம். இந்த வேறுபாட்டை ஒரே விகிதக்காரர்கள் ஒழிப்பார்கள் என்றால் அந்த அளவில் நாமும் கைதட்டுவோம். ரஷ்யா 2001இல் எல்லாருக்கும் 13 சதவீதம் என்று வைத்தது. உலகமெங்கும் அதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். 2021இல் பெரும் வருமானத்துக்கு 15 ஆக்கினார்கள். 2025 முதல் 22 வரை ஐந்து படி வைத்துவிட்டார்கள். பணம் தேவைப்பட்டபோது பணம் இருக்கும் இடத்துக்குப் போனார்கள்.

இந்த இரண்டில் ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்று நம்மைக் கேட்டால், வரம்பு வைத்த ஒரே விகித வருமான வரி பரவாயில்லை என்போம். அது ஒருவனிடம் என்ன இருக்கிறது என்றாவது கேட்கிறது. கடை வரி அவனுக்கு என்ன தேவை என்று மட்டும் பார்க்கிறது. ஆனால் இரண்டில் ஒன்று என்பதே சரியான கேள்வி அல்ல. ஏறுமுகமாக ஏறும் வருமான வரி இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்?

செலவின் மேல் வரி போட்டால் அது ஏழை தலையில்தான் விழவேண்டும் என்ற விதியும் இல்லை. இந்த நாடே வேறு விதமாகச் செய்து பார்த்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிகோலஸ் கால்டார் 1956இல் இந்திய வரிகளைப் பற்றி அறிக்கை தந்தார். அதையொட்டி 1957இல் செலவு வரிச் சட்டம் கொண்டுவந்தவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் தமிழ்நாட்டுக்காரர். அந்த வரி கடையில் வசூலிப்பதல்ல. பெரும் பணக்காரர் மட்டும் ஆண்டில் எவ்வளவு செலவழித்தார் என்று கணக்குக் காட்டவேண்டும். செலவு கூடக் கூட வரியின் விகிதமும் கூடும். சோப்பு வாங்கும் தாய்க்கு அதில் வேலையே இல்லை. 1962இல் நீக்கினார்கள், 1964இல் அவரே மீண்டும் கொண்டுவந்தார், 1966இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். வசூல் குறைவு, தொல்லை அதிகம் என்றார்கள். கைபேசியும் வங்கிக் கணக்கும் அட்டையும் எல்லாம் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும் இந்தக் காலத்திலும் அந்தத் தொல்லை அப்படியே இருக்குமா? இறந்தவர் சொத்தின் மேல் போட்ட வரி 1985இல் போயிற்று, செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போயிற்று. 2019இல் கம்பெனி வரி 30இலிருந்து 22 ஆயிற்று. அவையெல்லாம் போன வேகத்தில் சோப்பு வரி குறையவில்லை.

பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்டதும் சென்னை மாகாணம்தான். 1939இல், இராஜாஜி ஆட்சியில். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்டப் போட்டார்கள். மதுவிலக்கு வந்தது, போயிற்று. வரி மட்டும் நிலைத்துவிட்டது.

சரக்கு சேவை வரியால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். நாமக்கல்லிலிருந்து சரக்கேற்றி வரும் லாரிக்காரர்களைக் கேளுங்கள். சோதனைச் சாவடிகளில் அவர்கள் கிடந்த கிடை 2017 ஜூலையோடு பெரிதும் தீர்ந்தது. மும்பை நாக்காக்களில் மாநகராட்சி வசூலித்த நுழைவு வரியும் அன்றோடு போயிற்று. ஆனால் நம் இட்லி வியாபாரிகளுக்கு? விற்றுமுதல் வரம்புக்குக் கீழே என்பதால் அவர்கள் வரி வசூலிக்க வேண்டாம். ஆனால் வணிக எரிவாயு உருளைக்கு 18 சதவீதம் கட்டுகிறார்கள். பதிவு பெற்ற பெரிய கம்பெனி தான் வாங்கும் சரக்கில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். சைக்கிளில் இட்லி விற்கிறவர் யாரிடம் கழிப்பார்?

கடைசியாக ஒன்று. இந்த வரி சரக்கு எங்கே செய்யப்பட்டதோ அந்த மாநிலத்துக்குப் போவதில்லை. எங்கே வாங்கிப் பயன்படுத்தப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகிறது. உற்பத்தி செய்யும் தமிழ்நாடு இழக்கும் என்று ஜெயலலிதா எதிர்த்தது இதனால்தான். 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. நமக்கு அதில் வேறொரு பொருள் இருக்கிறது. ஓசூரில் செய்த சாமானை நாம் தாராவியில் வாங்கினால், மாநிலத்தின் பாதி வரி மகாராஷ்டிரக் கஜானாவுக்குப் போகிறது. இங்கே உண்டு, உடுத்து, பேசும் ஒவ்வொரு நாளும் இந்த மாநிலத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஊருக்கு அனுப்பும் பணம் அங்கே செலவாகும்போது தமிழ்நாட்டுக்கும் கட்டுகிறோம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ஆண்டுக்கு 12 இலட்சம் வரை சம்பாதிக்கிறவருக்கு வருமான வரி இல்லை. அவரை யாரும் வரி கட்டாதவர் என்று ஏசவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்கப் போகும்போது மட்டும் நம்மை வெளியூர்க்காரர் என்கிறார்கள்.

பள்ளி தொடர்பாக வார்டு அலுவலகத்துக்கு அடுத்த மாதம் நமது சங்கத்தின் குழு போகிறது. அதற்கு முன்பாக ஒரு வேலை. இந்த மாதம் முழுவதும் கடையில் பில் கேட்டு வாங்குங்கள். பலசரக்கு, மருந்து, சிலிண்டர், செருப்பு எதுவானாலும் சரி. கைபேசிக்குப் பணம் போட்ட குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். பில் தராத கடையென்றால் என்ன வாங்கினோம், என்ன விலை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கூட்டத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். நம் கணக்கெழுதும் இளைஞர் குடும்பம் குடும்பமாகக் கூட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தோல் பட்டறைப் பெரியவர் வீட்டுப் பில்லை வாங்கிவரும் பொறுப்பை அவருடைய பேத்தி ஏற்றிருக்கிறாள்.