உலகக் கோப்பையும் "தரம்" என்கிற சாக்கும்

2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள் என்று அறிவித்த நாளிலிருந்து ஒரே புலம்பல். "கண்டவனெல்லாம் வந்தா தரம் என்ன ஆகுறது?" இந்தக் கேள்வி புதுசு இல்லைங்க. 60 வருஷத்துக்கு முன்னாடியே கேட்டாச்சு.

1966, இங்கிலாந்து. மொத்தம் 16 அணிகள். அதில் ஐரோப்பா மட்டும் 10. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்! ஆப்பிரிக்காவில் ஜெயித்தவர்கள் நேராக வர முடியாது, மறுபடி ஆசியாவோடு மோத வேண்டும். கானாவின் அதிபர் இங்க்ருமாவுக்கும், அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவர் ஒஹேனே ஜானுக்கும் கோபம் வந்தது. விளைவு, 15 ஆப்பிரிக்க நாடுகள் தொடரையே புறக்கணித்தன.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் 9 கோல் அடித்து முதலிடம் பிடித்த யுசேபியோ பிறந்தது மொசாம்பிக்கில். அன்றைக்கு அது போர்ச்சுகலின் காலனி. ஆக, ஆப்பிரிக்காவில் பிறந்தவனின் கால் வேண்டும், ஆப்பிரிக்காவின் கொடி வேண்டாம்! கிடைத்த அந்த ஒற்றை இடத்தில் வந்த வட கொரியாவோ, இத்தாலியை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பியது.

புறக்கணிப்பு வீண்போகவில்லை. 1970-இல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது, மொராக்கோ வந்தது. 1978-இல் துனிசியா மெக்சிகோவை 3-1 என்று வென்றது. 1990-இல் கேமரூன் காலிறுதி வரை போனது. 2022-இல் அதே மொராக்கோ அரையிறுதியில்!

"1974-இல் ஜயர், யுகோஸ்லாவியாவிடம் 9-0 என்று உதை வாங்கியதே?" என்பீர்கள். உண்மைதான். 2014-இல் பிரேசில் சொந்த மண்ணில் 7-1 என்று தோற்றதும் உண்மைதான். இனி பிரேசிலுக்கு இடம் கிடையாது என்று யாராவது சொன்னார்களா?

48 அணிகளுக்குப் பின்னால் ஃபிஃபாவின் பண ஆசை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆட்டங்கள் அதிகம், ஆட்டக்காரர்களுக்குக் களைப்பு என்று எதிர்த்தால் நானும் கூட வருகிறேன். ஆனால் "தரம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பெரிய அணிகளோடு மோதி மோதித்தான் தரம் வரும். வாசலிலேயே நிறுத்திவிட்டு, உனக்கு ஆடத் தெரியாது என்றால் எப்படி?