எரிந்த சரக்குக்கு ஏடுகளே சாட்சி: சித்தூர் விபத்து தரும் பாடம்

புது தில்லி: ஆந்திர மாநிலம் சித்தூரில் உள்ள அமர ராஜா பேட்டரீஸ் ஆலையில் 2023 ஜனவரி 30-ம் தேதி தீ விபத்து நேரிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டடமும் இயந்திரங்களும் சரக்கும் எரிந்தன. ஓர் ஆலையின் கணக்கேடுகள் எத்தனை பேரின் நலனைத் தாங்கி நிற்கின்றன என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

திருப்பதியை அடுத்த கரகம்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அரசியலோடு நின்றுவிடுகின்றன. குண்டூரின் தெலுங்கு தேசம் எம்.பி.யாக இருந்த கல்லா ஜெயதேவ் குடும்பத்தின் நிறுவனம் இது. 2021-ல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை மூட உத்தரவிட்டதும், உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் அந்த விவாதத்தைக் கூர்மையாக்கின. கணக்கியல் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சரக்கும் இயந்திரமும் எரிந்தால் அவற்றின் மதிப்பை ஐந்தொகையிலிருந்து உடனே நீக்க வேண்டும். காப்பீட்டுத் தொகையோ வேறு கதை. கிடைப்பது ஏறத்தாழ உறுதியான பிறகே அதைச் சொத்தாகக் காட்டலாம் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 37. நேற்றைய சரக்கிருப்பு இவ்வாறு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய பாக்கியாக மாறுகிறது. அழிந்த சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவையும் திருப்பித் தர வேண்டும். எரிந்ததை எவரும் எண்ணிப் பார்க்க இயலாது. விபத்துக்கு முன் எழுதிய ஏடுகளே முதன்மைச் சாட்சி.

பாக்கிக் கணக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாதின் சத்யம் நிறுவனமே சான்று. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்ட ரூ. 7,136 கோடி முறைகேட்டில், மிகைப்படுத்திக் காட்டிய வாடிக்கையாளர் பாக்கி மட்டும் ரூ. 490 கோடி. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018-ல்தான் அமைந்தது.

இப்போது பொதுப்பணமும் இதில் கலந்துள்ளது. செல்பேசி உற்பத்திக்கு மத்திய அரசு 2020-ல் அறிவித்த ஊக்கத்தொகைத் திட்டம், கூடுதல் முதலீட்டையும் கூடுதல் விற்பனையையும் அளவுகோலாகக் கொண்டது. ரேணிகுண்டா, ஸ்ரீ சிட்டி போன்ற இடங்களில் மின்னணு ஆலைகள் பெருகியுள்ள நிலையில், இயந்திரக் கணக்கும் விற்பனைக் கணக்கும் கம்பெனியின் உள்விவகாரம் மட்டுமல்ல.

சட்டத்தில் குறையில்லை. வாடிக்கையாளர் பாக்கி ஆறு மாதத்துக்கு உட்பட்டதா, மூன்று ஆண்டுகளைக் கடந்ததா என வயதுவாரியாகக் காட்டுவதை 2021-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. சரக்கை நேரில் சரிபார்க்கையில் எந்த வகையிலாவது 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்ததா என்பதைத் தணிக்கையாளர் சொல்லியாக வேண்டும். சரக்கையும் பாக்கியையும் ஈடுகாட்டி ரூ. 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்றிருந்தால், வங்கிக்குத் தந்த காலாண்டு அறிக்கை ஏடுகளோடு ஒத்துப்போகிறதா என்றும் கூற வேண்டும்.

ஆனால் இக்குறிப்புகள் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களிலேயே உறங்குகின்றன. கடன் தரும் வங்கிகளும் ஊக்கத்தொகை வழங்கும் அமைச்சகங்களும் அவற்றைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டிய நேரம், ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரமே. தீ அணைந்த பிறகு ஏடுகளைத் திருத்த முடியாது.